கல்வி விரும்பன் எழுதிய கடிதம்

1905இல் கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் திறக்கப்பட்டபோது சென்னை ஆளுநர் ஆம்ப்தில் பிரபு ஒரு செய்தி சொன்னார். அம்மைப்பால் குத்தும் முறையை உலகில் முதலில் அறிந்தது இந்தியாவாக இருக்கக்கூடும், கர்னல் கிங் தமக்கு அப்படி உறுதி கூறுகிறார் என்றார். பசுவின் மடியில் எழும் கொப்புளத்து நீரை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கீறி ஏற்ற வேண்டும் என்று தன்வந்திரியே எழுதியிருப்பதாக மேற்கோளும் காட்டினார். பேசியவர் மாகாணத்தின் ஆளுநர். சான்றுக்கு நின்றவர் சுகாதார ஆணையர். அந்த நிலையமே அவர் பெயரைத்தான் தாங்கியிருந்தது. பேசிய இடமோ, மாகாணம் முழுவதற்கும் அம்மைப்பால் தயாரித்து அனுப்பிய இடம். கன்றின் வயிற்று மயிரை மழித்து, தோலைக் கீறிப் பாலேற்றி, சில நாளில் எழும் கொப்புளத்தைச் சுரண்டி, லானோலினில் குழைத்துக் குழாய்களில் அடைத்து ஊர் ஊராக அனுப்பிய காலம் அது. இவ்வளவு கனமான இடத்திலிருந்து வந்த அந்தச் செய்தி பொய். பழைய வடமொழி மருத்துவ நூல்களான சரகத்திலோ சுசுருதத்திலோ அப்படி ஒரு வாசகம் கிடையாது. அது ஏறக்குறைய 86 ஆண்டுகளுக்கு முன் இதே சென்னையில் பிறந்து, உலகம் சுற்றிவிட்டுத் தாய்வீடு திரும்பியிருந்தது.

1819 ஜனவரி 12ஆம் தேதி 'மெட்ராஸ் கூரியர்' இதழில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் இட்டுக்கொண்ட பெயர் 'கல்வி விரும்பன்'. தன்வந்திரியின் பெயரில் வழங்கும் 'சாக்தேய கிரந்தம்' என்ற நூலில் அம்மைப்பால் குத்தும் முறை விளக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கடிதத்தின் சாரம். ஐரோப்பிய மருத்துவ நூல்கள் அதை எடுத்தாண்டன. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுத, நூறு ஆண்டுக்குள் அது தானாகவே சான்றாகிவிட்டது. வடமொழி மருத்துவ நூல்களை ஆராயும் டொமினிக் வுஜாஸ்டிக் 1987இல் இந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனார். அடியில் மூல நூல் என்று எதுவும் இல்லை. சென்னை ஆட்சியராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் அம்மைப்பால் பற்றி வடமொழியில் ஒரு செய்யுள் இயற்றியதாகவும், அது பழைய தாளில் எழுதப்பட்டு, எங்கோ கண்டெடுத்ததாகச் சொல்லப்பட்டதாகவும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. பசுவை முன்னிறுத்தினால் பிராமணர்கள் இந்த முறையை ஏற்பார்கள், அவர்கள் ஏற்றால் ஊர் ஏற்கும் என்பது கணக்கு. தன்வந்திரிக் கதையும் இதே நோக்கத்தின் கிளை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எல்லிஸ் என்றால் தமிழர்களுக்கு வேறு நினைவுகள் உண்டு. திருக்குறளை மொழிபெயர்க்கத் தொடங்கியவர். 1818இல் ராயப்பேட்டைக் கிணற்றுக் கல்வெட்டில் குறளைப் பொறித்தவர். தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் ஒரே குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்பே, 1816இல் நிறுவியவர். சான்று என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியாததல்ல. 'எசூர் வேதம்' என்ற நூலைப் பழைய இந்திய வேதம் என்று நம்பிப் பிரெஞ்சு அறிஞர் வால்டேர் கொண்டாடினார். பாண்டிச்சேரியில் இருந்த கையெழுத்துப் படிகளைத் துருவிப் பார்த்து, அது கிறிஸ்தவப் பாதிரிகள் புனைந்தது என்று காட்டியவரும் எல்லிஸ்தான். அந்தக் கட்டுரை அவர் இறந்த பிறகு, 1822இல் அச்சாயிற்று. செய்யுள் பற்றிய குறிப்பு உண்மையானால், மதத்தைப் பரப்பப் பிறர் செய்த புனைவை உரித்துக்காட்டிய கையே மருத்துவத்தைப் பரப்பப் புனைவு செய்தது என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பெரியம்மை அன்று ஊர்களைக் காலி செய்துகொண்டிருந்தது. ஜென்னர் 1796இல் கண்ட முறை 1802இல்தான் பம்பாய் வழியாக இந்தியாவுக்குள் வந்திருந்தது. கையில் மருந்து இருக்கிறது, வாங்க மறுக்கிறார்களே என்ற தவிப்பு அவருக்கு இருந்திருக்கும்.

உயிர்தானே பெரிது, பத்துப் பிள்ளைகள் பிழைக்கும் என்றால் ஒரு செய்யுளைப் புனைவதில் என்ன தப்பு என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் அந்தச் செய்யுளால் எந்த ஊரும் கையை நீட்டியதாகச் சான்று இல்லை. அதைவிட முக்கியம், மக்கள் மறுத்த காரணத்தையே அது தவறாக ஊகித்திருந்தது. சாத்திரத்தில் இல்லை என்பதற்காக மறுக்கிறார்கள் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். ஊரில் நடந்ததைப் பார்த்தால் மறுப்புக்குச் சாத்திரத்தைவிடக் கண்ணெதிரே காரணங்கள் இருந்தன.

முதல் காரணம், பால் வந்த வழி. கன்றுப்பால் வழக்கத்துக்கு வரும் வரையில் கைக்குக் கை மாற்றித்தான் குத்தினார்கள். ஒரு பிள்ளைக்குக் குத்தி, எட்டாம் நாள் கொப்புளம் திரண்டதும் அதைக் குத்தி நீரெடுத்து அடுத்த பிள்ளைக்கு ஏற்ற வேண்டும். சங்கிலி அறுந்தால் மருந்தே இல்லை. ஆகவே குத்திய பிள்ளையை அடுத்த ஊருக்குத் தூக்கிப் போக வேண்டும். கொப்புளம் வலிக்கும் கையைத் திரும்பக் கீற வேண்டும். யார் வீட்டுப் பிள்ளையின் உடம்பிலிருந்து வருகிறது, அந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்று ஒரு தாய் கேட்டால் அதைச் சாதிப் பிடிவாதம் என்று மட்டும் எழுதிவிட்டார்கள். சாதி அதில் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் மருத்துவமும் இருந்தது: 1861இல் இத்தாலியின் ரிவால்டா என்ற ஊரில் இப்படிக் கைக்குக் கை மாற்றியபோது பிள்ளைகளுக்கு மேகநோய் பரவியது. அந்தத் தாய் பயந்தது நடக்கக்கூடியதுதான் என்று ஐரோப்பிய மருத்துவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். கன்றுப்பாலுக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ஒரு தடவை குத்தினால் ஆயுளுக்கும் அம்மை வராது என்று ஜென்னர் நம்பினார்; அரசும் அதையே சொன்னது. வந்தது. கோடை வெப்பத்தில் பால் வீரியம் இழந்தது. வீரியமுள்ள பாலின் காப்பும் ஆண்டுகள் போகப் போகத் தேய்ந்தது. சின்ன வயதில் குத்திக்கொண்டவன் கையில் காசு அகலத் தழும்போடு வைசூரியில் கிடந்தான். மறுபடியும் குத்தினால்தான் காப்பு நிற்கும் என்பதை ஜெர்மானிய நாடுகள் 1830களிலேயே உணர்ந்து தங்கள் படைவீரர்களுக்கு மறுகுத்து போட்டன. இங்கே 1884இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய அம்மைகுத்துச் சட்டம் வந்தது. குத்தினவனுக்கும் வந்துவிட்டதே என்ற பேச்சுக்கு நேரான பதில் வரவில்லை. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்தால் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளிக்கும் பழக்கத்தை அறியாமையின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாகாது. ஊர் தன் கண்ணால் கண்ட உண்மை ஒன்றும் அதற்குள் இருந்தது.

அம்மனையும் இந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும். முத்து போட்டிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நோய் என்று சொல்ல மாட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வீட்டில் தாளிப்பு கிடையாது, வெளியார் வரக்கூடாது, வீட்டார் பிறர் வீடு போகக்கூடாது. தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகுதான் எல்லாம் பழையபடி. பக்தியின் பெயரால் நடந்தாலும், தொற்றுள்ள வீட்டை ஊரிலிருந்து பிரித்துவைத்த ஏற்பாடு அது. அதை எதிரியாகப் பார்க்காமல் விசாரிக்கத் தக்கதாகப் பார்த்த ஒருவர் இருந்தார். திருச்சிராப்பள்ளிக்காரரான டாக்டர் செஞ்சி பழனி ஆண்டி சென்னையில் படித்து, பிரிட்டனில் மருத்துவப் பட்டம் பெற்று, மலபாரில் அம்மைகுத்துத் துறைக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். 1860களில் அவர் பெரியம்மை நோயாளிகளுக்கு வேப்பிலை கொடுத்துப் பார்த்து, கண்டதை எழுதி வெளியிட்டார். இன்றைய அளவுகோலில் அந்தச் சோதனை நிற்காது. ஆனால் வேப்பிலை உதவுமா என்று கேட்டு, நோயாளியின் அருகில் உட்கார்ந்து, நாள் நாளாகக் குறித்துவைத்தார் அல்லவா, அந்தச் செய்கையை எல்லிஸின் பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லிஸ் மக்களின் நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டார். பழனி ஆண்டி அதைப் பரிசோதித்தார்.

குத்தினவனுக்கும் வந்ததே என்ற கேள்விக்கு முழுப் பதில் தண்டையார்பேட்டையிலிருந்து வந்தது. அங்கே தொற்றுநோய் மருத்துவமனையில் பெரியம்மை நோயாளிகளைப் பார்த்துவந்த டாக்டர் ஏ.ஆர். ராவ் 6,942 பேரின் விவரங்களைத் தொகுத்தார். 1972இல் அது நூலாயிற்று. அந்த அட்டவணையைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தூக்கிவாரிப்போடும். நோயாளிகளில் 3,398 பேர் எப்போதோ அம்மை குத்திக்கொண்டவர்கள். குத்திக்கொள்ளாதவர்கள் 3,544 பேர். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி! ஊர் சொன்னது சரிதான், குத்தினவனுக்கும் வந்திருக்கிறது. அடுத்த பத்தியைப் பார்த்தால்தான் மீதி தெரியும்: குத்திக்கொள்ளாதவர்களில் நூற்றுக்கு 35.5 பேர் இறந்தார்கள், குத்திக்கொண்டவர்களில் 6.3 பேர். வந்தது இருவருக்கும், பிழைத்தது யார் என்பதில் அவ்வளவு வித்தியாசம். மருத்துவமனைக் கட்டிலை மட்டும் பார்த்தால் இன்னொன்றும் தெரியாமல் போகும்: குத்திக்கொண்டு அம்மையே வராமல் வீட்டில் இருந்தவர்கள் இந்தக் கணக்கில் சேரவே மாட்டார்கள். இவ்வளவையும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் எந்தக் குடியானவருக்கும் விளங்கும். நெல்லில் பதர் எவ்வளவு என்று தூற்றிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியாது என்று நினைத்ததுதான் பெரிய அவமதிப்பு. 1977இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனத்தின் குழு சான்றளித்தது. அதற்கு உழைத்தவர்கள் வீடு வீடாகப் போய் நோயாளியைத் தேடி, சுற்றியிருப்பவர்களுக்குக் குத்தியவர்கள். தன்வந்திரியின் பெயர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அம்மை முடிந்த கதை என்றால் காசநோய் முடியாத கதை. அதிலும் கிண்டி வருகிறது. 1948இல் பி.சி.ஜி. தடுப்பு மருந்துக்கான ஆய்வுக்கூடம் அங்கே அமைந்தது. சில ஆண்டுகளில் நாடு முழுக்க ஊசி போடும் இயக்கம் தொடங்கியது. முதலமைச்சர் பதவியிலிருந்து 1954இல் விலகியிருந்த ராஜாஜி, அடுத்த ஆண்டே அதை ஏன் எதிர்க்கிறேன் என்று சிறு நூல் வெளியிட்டார். உயிருள்ள கிருமியை நலமாக இருக்கும் கோடிக்கணக்கான பிள்ளைகளின் உடம்பில் ஏற்றுகிறீர்கள், பயன் உறுதியாக நிறுவப்படவில்லை, பெற்றோர் மனமறிந்து சம்மதிக்கிறார்களா என்பவை அவருடைய கேள்விகள். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர் இயக்கத்துக்காக வாதாடினார். மருத்துவம் தெரியாத அரசியல்வாதி மக்களைக் குழப்புகிறார் என்பது எதிர்த்தரப்பின் பேச்சு. ஊசியின் ஆபத்தை ராஜாஜி மிகைப்படுத்தினார் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். உலகெங்கும் கோடிக்கணக்கானோருக்குப் போட்டபின் அந்த அச்சம் நிலைக்கவில்லை. ஆனால் பயன் பற்றிய கேள்வியை, கேட்டவர் யார் என்று பார்த்துத் தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் நடந்த பெரிய சோதனையில் ஐந்தில் நான்கு பங்கு காப்பு கிடைத்தது உண்மை. அதே காப்பு இந்த மண்ணிலும் கிடைக்குமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க அறிவியல் இங்கே செய்ததுதான் என் பார்வையில் இந்த வரலாற்றின் மிக உயர்ந்த பகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையோடும் சேர்ந்து 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரையும் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் எடுத்துக்கொண்டு சோதனை தொடங்கியது. ஏறக்குறைய 3,60,000 மக்கள் வாழ்ந்த பகுதி அது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு வீரியம் கூடிய பி.சி.ஜி., சிலருக்கு வீரியம் குறைந்தது, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் திரவம். யாருக்கு எது போகிறது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. பிறகு இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்று ஊர் ஊராகத் திரும்பிப் போனார்கள். களத்துமேட்டில் எக்ஸ்ரே வண்டி நிற்க, விவசாயக் கூலிகள் வேலை விட்டு வரிசையில் நின்றிருக்கிறார்கள்; ஒரு நாள் கூலி போவது அவர்களுக்குச் சின்ன விஷயமல்ல. ஏழரை ஆண்டுப் பின்தொடர்தலின் முடிவு 1979இல் வெளியாயிற்று: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. பெற்றவர்களுக்கும் வெறும் திரவம் பெற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. பதினைந்து ஆண்டுப் பின்தொடர்தல் 1999இல் வந்தபோதும் பெரியவர்களைப் பொறுத்தவரை அதே முடிவுதான். ராஜாஜி 1972இலேயே இறந்துவிட்டார். தம் கேள்வி ஒன்றுக்குச் சென்னைக்குப் பக்கத்திலேயே பதில் கிடைத்ததை அவர் அறியவில்லை.

நினைத்துப் பாருங்கள். உலகமே நம்பியிருந்த ஊசி அது. நடத்தியவர்கள் அதே ஊசியைப் பரப்பிய நிறுவனங்கள். முடிவை மூடி மறைக்க எத்தனையோ காரணம் சொல்லியிருக்கலாம். மறைக்கவில்லை, அட்டவணையோடு அச்சிட்டார்கள். மண்ணிலும் நீரிலும் உள்ள இதே வகைக் கிருமிகளோடு நம் மக்களுக்கு முன்பே பழக்கம் ஏற்பட்டுவிடுவதால் ஊசியின் வேலை எடுபடவில்லையோ என்ற ஆராய்ச்சி அதிலிருந்தே கிளைத்தது. இப்படி வெளிப்படையாகச் சொன்னால் வதந்தி பரப்புகிறவர்களுக்கு ஆயுதம் கொடுத்ததாகாதா என்ற அச்சம் சுகாதாரத் துறையில் இன்றும் உண்டு. ஆனால் அந்த முடிவுக்குப் பின்னும் பி.சி.ஜி. கைவிடப்படவில்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோயையும் உடம்பெங்கும் பரவும் காசநோயையும் அது தடுக்கிறது என்பதற்குத் தனியே சான்று இருந்தது. ஆகவே எல்லா வயதினருக்கும் என்ற பழைய வாக்குறுதியைச் சுருக்கி, பிறந்த குழந்தைக்கு என்று வரம்பு கட்டினார்கள். ஊசி எதற்குப் பயன்படும் என்பது கூர்மையாயிற்றே தவிர அதன் மேல் இருந்த மதிப்பு சரியவில்லை. வாட்ஸ்அப் காலத்தில் வதந்தி ஒரு நொடியில் பறக்கிறது, அட்டவணை தயாரிக்கப் பதினைந்து ஆண்டு ஆகிறது என்பார்கள். உண்மைதான். 2017இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி பள்ளிகளில் போடப்பட்டபோது தமிழ்நாட்டில் பரவிய செல்பேசிச் செய்திகளால் பெற்றோர்கள் தயங்கினார்கள்; இயக்கத்தின் காலத்தையே நீட்டிக்க வேண்டி வந்தது. ஆனால் அந்தத் தயக்கத்தின் அடியில் இருந்த கேள்விகளும் பழையவைதான். என்ன மருந்து, யார் சம்மதித்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது? நோட்டீஸ் பலகை இதற்குப் பதில் சொல்லாது. பள்ளி ஆசிரியைக்கும் கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும் ஊசிக்கு முன்பே பதில் தெரிந்திருக்க வேண்டும்.

கல்வி விரும்பனின் கடிதமும் இன்னும் சாகவில்லை. ஆம்ப்தில் பிரபுவின் பேச்சு அடுத்த ஆண்டே ஹர் பிலாஸ் சர்தாவின் 'இந்து மேன்மை' பற்றிய ஆங்கில நூலில் இடம்பிடித்தது. அங்கிருந்து நூல் நூலாகத் தாவி, இன்று செல்பேசிகளில் நம் பெருமையாகச் சுற்றுகிறது. தடுப்பூசிக்கு ஆதரவாகப் புனைந்த பொய், வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து திருடினான் என்ற இன்னொரு பொய்க்கு இப்போது சான்றாக நிற்கிறது. அதை நம்பி அனுப்புகிறவரைப் பரிகசிப்பதால் ஒன்றும் ஆகாது. அவருக்கு அதைக் கொடுத்தவர்கள் பெயரை மறைத்து எழுதிய ஒருவரும் ஓர் ஆளுநரும் ஒரு சுகாதார ஆணையரும்.

இன்றும் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு இடது தோளில் பி.சி.ஜி. போடுகிறார்கள். சில வாரத்தில் அங்கே சிறு கட்டி எழுந்து, பழுத்து உடைந்து, தழும்பாக நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து வரும் தாயிடம் செவிலியர் சொல்ல வேண்டியது மிகக் கொஞ்சம்: "இது இப்படித்தான் ஆறும்மா, கசக்காதீங்க, எதுவும் தடவாதீங்க. பச்சைப்பிள்ளைக்கு மூளையில வர்ற காசநோயைத் தடுக்கத்தான் இந்த ஊசி. பெரியவங்களுக்கு நெஞ்சுல வர்றதை இது தடுக்காது. வீட்டுல யாருக்காச்சும் ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளி டெஸ்டுக்குக் கூட்டிட்டு வாங்க."